வயதானவருக்குத்தான் கிளிப் வேண்டுமாம்!

மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர் அறுபதை எட்டிவிட்டால் அவருக்கு அறிவுரை சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. சைக்கிள் கடைக்காரர், வார இறுதியில் கூட வருகிற நண்பர்கள், காசு வாங்கிக்கொண்டு பயிற்சி தருகிறவர் என்று எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “உடம்பில் பலம் குறைந்துகொண்டு வருகிறது. இருக்கிற பலத்தையாவது வீணாக்காதீர்கள். ஃபிளாட் பெடலைக் கழற்றிவிட்டு கிளிப்லெஸ் போடுங்கள்.” கலிஃபோர்னியாவிலும் கொலராடோவிலும் பிரிட்டனிலும் நரைத்த தலைகள் கூடுகிற இடமெல்லாம் இது கேள்விக்கு அப்பாற்பட்ட உண்மைபோல உலவுகிறது. இது தவறு. இளம் பந்தயக்காரனுக்கு ஓரளவு பொருந்துகிற ஒரு வாதத்தை, அது சற்றும் பொருந்தாத முதியவரின் தலையில் கட்டுகிறார்கள்.

பழக்கமில்லாதவர்களுக்காகச் சில வரிகள். ஃபிளாட் பெடல் என்பது உள்ளங்கையைவிடச் சற்று அகலமான உலோகத் தட்டு, அல்லது நைலான் தட்டு. இரு முகங்களிலும் சிறு ஆணிகள் நிற்கும். ஷூவின் ரப்பர் அடியை அவை கவ்விக்கொள்ளும். காலைத் தூக்கினால் கால் வந்துவிடும். கிளிப்லெஸ் பெடலில் (பேச்சில் சுருக்கமாகக் ‘கிளிப்’) அப்படி வராது. ஷூவின் அடியில் கிளீட் என்ற சிறு உலோகத் துண்டைத் திருகி வைத்திருப்பார்கள். அது பெடலின் ஸ்பிரிங் வாயில் ‘கிளிக்’ என்று மாட்டிக்கொள்ளும். விடுபட வேண்டுமானால் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். பனிச்சறுக்குக் காலணியைப் பலகையோடு பூட்டும் உத்தியை லுக் என்ற பிரெஞ்சு நிறுவனம் 1984இல் சாலை சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டே பெர்னார் இனோ அந்தப் பெடலோடு டூர் தெ ஃபிரான்ஸை வென்றார். கிளீட் ஷூவுக்குள் புதைந்திருக்கும்படி, இறங்கி நடக்கவும் தோதாக, ஷிமானோ 1990இல் எஸ்.பி.டி. என்ற பெயரில் மலைப்பாதைக்கு ஏற்ற பெடலை வெளியிட்டது. அன்றிலிருந்து கிளிப் போடாதவன் கற்றுக்குட்டி என்ற எண்ணமும் வேரூன்றிவிட்டது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அவர்கள் சொல்லும் வலுவோடே சொல்லிவிடுகிறேன். கால் பூட்டியிருந்தால் கீழே மிதிப்பதோடு நிற்காமல் மேலேயும் இழுக்கலாம். ஒரு சுற்று முழுக்க உழைப்பு பலனாகும். கரடுமுரடான இறக்கத்தில் கால் பெடலைவிட்டுத் தெறிக்காது. பாதம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இருப்பதால் முழங்காலுக்கு நல்லது. கழற்றத் தெரியாமல் விழுவதெல்லாம் முதல் சில வாரங்களில்தான். பிறகு அது அனிச்சைச் செயலாகிவிடும். இவற்றைச் சொல்கிறவர்கள் முட்டாள்கள் இல்லை. உலகக் கோப்பை கிராஸ்-கன்ட்ரி பந்தயத்தில் முன்வரிசையில் நிற்கிறவர்களின் கால்களைப் பாருங்கள். எல்லாமே பூட்டிய கால்கள்தான். ஆனால் முப்பது வயதுப் பந்தயக்காரனுக்குச் சரியான கருவி அறுபத்தைந்து வயதுக்காரருக்கு இன்னும் அவசியம் என்று எப்படி ஆகும்? அந்தத் தாவலைத்தான் இங்கே உடைக்கப் போகிறேன்.

1. மேலே இழுப்பதால் பலம் மிஞ்சுகிறதா?

மிஞ்சவில்லை. இந்த வாதத்தின் அஸ்திவாரமே ஆட்டம் கண்டு பல ஆண்டுகள் ஆகின்றன. எட்வர்ட் கொய்லும் சக ஆய்வாளர்களும் 1991இல் அமெரிக்காவின் தேசிய அளவிலான சைக்கிள் வீரர்களை அவர்களுக்கு ஒரு படி கீழே இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். மேல்தட்டு வீரர்கள் பின்பக்கம் இழுத்து முன்னேறவில்லை. கீழ்நோக்கி இன்னும் அழுத்தமாக மிதித்தார்கள், அவ்வளவுதான். 2007இல் தாமஸ் கோர்ஃப் குழுவினர், ஓட்டுநர்களை வேண்டுமென்றே மேலே இழுத்து மிதிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். விசை பரவிய விதம் தாளில் அழகாகத்தான் தெரிந்தது. ஆனால் அதே வேலைக்கு உடம்பு செலவழித்த ஆற்றல் கூடிவிட்டது. மறு ஆண்டு மோர்னியூ குழுவினர் பெடல் வகைகளையே ஒப்பிட்டார்கள்; பெடலை மாற்றியதால் சிக்கனம் கூடவில்லை, இழுத்து மிதித்தபோதோ அது குறைந்தது.

காரணம் எளியது. தொடையின் முன்தசையும் பிட்டத்துத் தசையும் நம்மை நிமிர்த்தி நடக்க வைக்கும் பெரிய தசைகள். கீழே மிதிக்கப் பிறந்தவை. காலை மேலே தூக்கும் இடுப்பு மடக்குத் தசைகள் அவற்றின் பக்கத்தில்கூட நிற்க முடியாது. சிறிய தசையிடம் பெரிய வேலையைக் கொடுத்தால் அது சீக்கிரம் களைக்கும், அதிக ஆக்சிஜன் கேட்கும். மேலே வருகிற கால் செய்ய வேண்டிய உபகாரம் ஒன்றே ஒன்றுதான்: தன் எடையை மற்றக் காலின்மேல் சுமத்தாமல் இலேசாக எழுந்து வருவது. அதற்குப் பூட்டு எதற்கு?

முதியவருக்கு நெருங்கிப் பொருந்தும் ஆய்வு கொலராடோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ரோஜர் கிராமும் அவரது மாணவரும் 2016இல் வெளியிட்டது. சாதாரண ஓட்டப்பந்தய ஷூவும் ஃபிளாட் பெடலும் ஒரு பக்கம், விறைப்பான அடியுள்ள சைக்கிள் ஷூவும் கிளிப்லெஸ் பெடலும் இன்னொரு பக்கம். 50, 100, 150 வாட் உழைப்பில் அளந்தார்கள். உடம்பு எரித்த ஆற்றலில் வித்தியாசமே தென்படவில்லை. சோதனைக்கு உட்பட்டவர்கள் முதியவர்கள் இல்லையே என்று கேட்கலாம்; சரியான கேள்விதான். ஆனால் அந்த வாட் கணக்கைக் கவனியுங்கள். அறுபது வயதைத் தாண்டியவர் ஒரு மணி நேரம் மலையேறும்போது நீடித்துத் தரக்கூடிய உழைப்பு பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான் விழும்.

2. “அப்படியானால் திடீர் ஏற்றம்?”

இங்கே எதிர்த்தரப்புக்கு ஒரு உண்மையான சான்று இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். அதே கிராம் 2020இல் இன்னொரு மாணவரோடு சேர்ந்து, முழு மூச்சில் மிதிக்கும் ஸ்பிரிண்ட் ஓட்டத்தை அளந்தார். அங்கே கிளிப்லெஸ் பெடல் தெளிவாக வென்றது. உச்ச வாட் அதிகமாக வந்தது. மலைப்பாதை என்பதே இப்படிப்பட்ட திடீர் முட்டல்கள் நிறைந்ததுதானே என்பது அவர்கள் கேள்வி.

நிறைந்ததுதான். ஆனால் அந்த முட்டல் எங்கே வருகிறது என்று பாருங்கள். பாறைப் படி, வேர்கள் பின்னிக் கிடக்கும் மேடு, சரளை உருளும் குறுகிய வளைவு. நடக்கிற ஆளைவிட மெதுவாக, சைக்கிள் சமநிலை இழக்கக்கூடிய கடைசி நொடியில் நாம் முழு மூச்சில் மிதிக்கிறோம். பூட்டிய காலின் லாபம் எந்த இடத்தில் கிடைக்கிறதோ அதே இடத்தில்தான் அதன் ஆபத்தும் உச்சத்தில் இருக்கிறது. ஒன்றை வாங்கினால் இன்னொன்றும் கூடவே வரும்.

மேலும், அந்த உச்ச வாட்டின் தேவையைக் கியர்கள் எப்போதோ குறைத்துவிட்டன. எஸ்.பி.டி. வந்த காலத்து மலை சைக்கிளில் பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரம் 28 அல்லது 30 பல்லோடு நின்றுவிடும். 2016இல் ஸ்ராம் நிறுவனம் ஈகிள் வரிசையில் 50 பல் சக்கரத்தைக் கொண்டுவந்தது. இன்று 51, 52 சாதாரணம். உட்கார்ந்தபடியே மெல்ல மிதித்து ஏறிவிடலாம்.

மின்சார உதவியுள்ள மலை சைக்கிளை வாங்கிவிட்ட முதியவர் கதை இன்னும் வேடிக்கை. ஐரோப்பிய விதிப்படி மோட்டாரின் தொடர்திறன் 250 வாட். அமெரிக்காவின் பல மாநிலங்களில் 750 வாட் வரை போகலாம். கால் தருவதைவிட அதிக வாட்டை மோட்டார் தந்துகொண்டிருக்க, பெடலில் பலம் வீணாகிறதே என்று கவலைப்படுகிறார்கள்! அந்த சைக்கிளின் எடை பெரும்பாலும் இருபது கிலோவுக்கு மேல். கால் பூட்டியபடி சாய்ந்தால் அதன் அடியில் கிடப்பது யார்?

3. கால் தெறிக்கும் என்ற பயம் பழைய சைக்கிளோடு போயிருக்க வேண்டியது.

1990இல் பெரும்பாலான மலை சைக்கிள்களுக்கு சஸ்பென்ஷன் கிடையாது. ஒவ்வொரு கல்லும் நேராக உள்ளங்காலில் வந்து அடிக்கும். அன்று காலைப் பூட்டியதில் அர்த்தம் இருந்தது. இன்று முன்னும் பின்னும் 130, 150 மில்லிமீட்டர் அமுங்கும் சைக்கிளில் உட்கார்ந்துகொண்டு அதே நியாயத்தைச் சொல்கிறார்கள்.

ஷூவும் மாறியிருக்கிறது. பாறை ஏறுகிறவர்களுக்காக ஃபைவ் டென் நிறுவனம் உருவாக்கிய ஒட்டுந்தன்மையுள்ள ரப்பர் பிறகு சைக்கிள் ஷூவுக்கும் வந்தது. நல்ல ஃபிளாட் பெடலில் அந்த ஷூவை ஒருமுறை வைத்துவிட்டால், காலைத் தூக்காமல் பாதத்தைத் திருப்பிவைக்க முடியாது, அப்படிக் கவ்வும். ஆணிகள் தனியாக வேலை செய்வதில்லை. இறக்கத்தில் முழங்காலை மடக்கி, குதிகாலைத் தாழ்த்தினால் சைக்கிள் எழும்பும்போது பாதம் இன்னும் அழுந்தும். கால் தெறிக்கிறவர்களில் பலர் விரல் நுனியில் நிற்கிறவர்கள், அல்லது அடி தேய்ந்த ஓட்ட ஷூவோடு வந்தவர்கள்.

வேகத்துக்கு ஃபிளாட் உதவாது என்பவர்களுக்கு ஒரு பெயர் போதும்: ஆஸ்திரேலியாவின் சாம் ஹில். 2006, 2007, 2010 ஆகிய மூன்று ஆண்டுகளில் டவுன்ஹில் உலகச் சாம்பியன். பிறகு, மலையேறியும் போக வேண்டியிருக்கிற எண்டூரோ உலகத் தொடரில் 2017, 2018, 2019 என்று தொடர்ந்து மூன்று முறை ஒட்டுமொத்தப் பட்டம். எல்லாமே ஃபிளாட் பெடலில். அவர் விதிவிலக்கு என்பார்கள். இருக்கட்டும். உலகின் மிக மோசமான இறக்கங்களில் அத்தனை வேகத்தில் அவர் கால் நிற்கிறது என்றால், அதில் கால்பங்கு வேகத்தில் போகிற நம் கால் நிற்காமல் போக என்ன காரணம்?

கற்றுக்குட்டிப் பட்டத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். இந்த விளையாட்டு பிறந்த இடங்களில் முதன்மையானது கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டி. 1976 அக்டோபர் 21 அன்று அங்கே ரீபேக் என்ற மண்பாதையில் முதல் இறக்கப் பந்தயம் நடந்தது. ஒரே இறக்கத்தில் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாக அடைக்க (‘ரீபேக்’ செய்ய) வேண்டும். பாதைக்குப் பெயர் வந்தது அப்படித்தான். பழைய படங்களைப் பார்த்தால் ஜீன்ஸ், கனத்த பூட்ஸ், வளைவில் ஒரு காலை நீட்டித் தரையில் தேய்த்துக்கொண்டு போகிற இளைஞர்கள். காலைப் பூட்டியிருந்தால் அப்படி நீட்ட முடியுமா? 1950இல் பிறந்த கேரி ஃபிஷரும் 1953இல் பிறந்த ஜோ பிரீஸும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள். ‘மூத்த மவுண்டன் பைக்கர்’ என்ற சொல்லுக்கே இலக்கணமான தலைமுறை அது. ஃபிளாட்டில் தொடங்கிய தலைமுறை.

4. “பழகிவிட்டால் தானாகக் கழன்றுவிடும்.”

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான வாக்கியம். முப்பது ஆண்டு அனுபவமுள்ளவர் சொல்லும்போது நம்பத் தோன்றும். ஆனால் பழக்கம் வேறு, உடம்பு வேறு. பழக்கம் அப்படியே இருக்க, அதைச் செய்து முடிக்க வேண்டிய மூட்டும் நரம்பும் மாறிக்கொண்டிருக்கின்றன.

அந்த நொடியை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். செங்குத்தான பாறைப் பாதையில் ஏறுகிறீர்கள். முன்சக்கரம் ஒரு கல் விளிம்பில் மோதி நிற்கிறது. சைக்கிள் அசையாமல் இருப்பது அரை நொடி, மிஞ்சினால் ஒரு நொடி. அதற்குள் நிற்கிறோம் என்று மூளைக்கு உறைக்க வேண்டும். எந்தப் பக்கம் சாயப் போகிறோம் என்று தெரிய வேண்டும். அந்தக் காலில் இருக்கும் அழுத்தத்தைக் குறைத்துக் குதிகாலைத் திருப்ப வேண்டும். பிறகு காலை நீட்டி ஊன்ற வேண்டும். பெரும்பாலானவர்கள் எப்போதும் ஒரே காலைத்தான் முதலில் கழற்றிப் பழகியிருப்பார்கள். இடது காலைக் கழற்றிய மறுகணம் சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்தால்? பூட்டிய வலது காலோடு மரம் சாய்வதுபோல் முழு உடம்பும் போகும். வேகம் பூஜ்யம், ஆனால் விழுகிற உயரம் இருக்கை உயரம். பள்ளத்துப் பக்கமாக இருந்தால் இன்னும் அதிகம்.

இப்போது குதிகாலை வெளியே திருப்புகிற அசைவைக் கவனியுங்கள். குதிகால் வெளியே போகிறது என்றால் காலின் முன்பக்கம் உள்ளே திரும்புகிறது. அதில் இடுப்பு மூட்டின் உட்சுழற்சிக்கு முக்கியப் பங்குண்டு. இடுப்பு மூட்டுத் தேய்மானம் வந்தால் முதலில் குறையத் தொடங்குவது அதே உட்சுழற்சிதான். மருத்துவர் நோயாளியைப் படுக்கவைத்து முழங்காலை மடக்கித் திருப்பிப் பார்ப்பது இதற்காகத்தான். ஆக, வயது எந்த அசைவை முதலில் பறிக்கிறதோ அந்த அசைவையே அவசர வழியாக வைத்திருக்கிறது இந்தப் பெடல். இதோடு சேற்றில் அடைத்துக்கொண்ட ஸ்பிரிங்கையும், தேய்ந்துபோய்க் கழல மறுக்கும் கிளீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விழுவதன் விலையும் ஒன்றல்ல. பக்கவாட்டில் சாய்ந்து இடுப்பின்மேல் விழுவதே இடுப்பெலும்பு முறிவுக்கு முக்கியக் காரணம் என்பதை முதியோர் மருத்துவம் அறிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. பூட்டிய காலோடு நின்ற இடத்தில் விழுவது அச்சு அசலாக அதே ரகம். இருபத்தைந்து வயதில் அது சிரிப்புக்குரிய கதை. நண்பர்கள் படம் பிடிப்பார்கள். எழுபது வயதில் அறுவைச் சிகிச்சை, மாதக்கணக்கில் கைத்தடி, சில சமயம் சைக்கிளுக்கே முழுக்கு. நிகழக்கூடிய வாய்ப்பு குறைவு என்று ஆறுதல் சொல்வதில் பயனில்லை. இழப்பு இவ்வளவு பெரிதாகும்போது சிறிய வாய்ப்பும் கணக்கில் பெரிய எண்தான். எதிர்ப்பக்கத் தட்டிலோ முன்பு பார்த்த அந்த ஸ்பிரிண்ட் லாபத்தைத் தவிர வைக்க ஒன்றுமில்லை.

ஃபிளாட்டிலும் விழுகிறார்களே? விழுகிறார்கள். ஆனால் காலை ஊன்றிப் பார்த்த பிறகு விழுகிறார்கள்.

5. முழங்காலுக்கு நல்லதாம்.

நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் 4800 சுற்று. பாதம் ஒரே இடத்தில் இருப்பது நல்லதா என்பது அந்த இடம் சரியானதா என்பதைப் பொறுத்தது. கிளீட்டை இரண்டு பாகை கோணலாகத் திருகிவிட்டால் அந்தக் கோணல் 4800 முறை முழங்காலுக்குள் போகும். கிளீட்டுக்குள் பாதம் சில பாகை அசைய இடமுண்டு என்பது உண்மைதான். தேய்ந்த மூட்டுக்கு அது போதும் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? ஃபிளாட்டில் வலி தொடங்கினால் பாதத்தை அங்கேயே, அப்போதே மாற்றி வைக்கலாம். ஸ்பேனர் வேண்டாம், வல்லுநருக்குக் கட்டணமும் வேண்டாம்.

இன்னொன்று. பாதத்தைச் சற்று முன்னே தள்ளி, பெடல் அச்சு உள்ளங்காலின் நடுப்பகுதிக்கு அருகே வரும்படி மிதித்தால் குதிகால் தசைநாணுக்கும் கெண்டைக்கால் சதைக்கும் பாரம் குறையும். அப்படிச் செய்வதால் சிக்கனம் கெடுவதில்லை என்று 2007இல் வான் சிக்கிள், ஹல் இருவரும் பந்தய வீரர்களை வைத்து அளந்து காட்டினார்கள். பெரும்பாலான கிளிப் ஷூக்களில் கிளீட்டுக்கான துளைகள் அவ்வளவு பின்னால் வருவதே இல்லை.

6. ஃபிளாட்டுக்குக் குறையே இல்லையா?

இருக்கிறது. அந்த ஆணிகள் கணைக்காலில் இறங்கினால் தோல் கிழியும். முதியவரின் தோல் மெலிந்தது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இது விளையாட்டில்லை. பதில்: கணைக்கால் காப்பு மாட்டிக்கொள்ள வேண்டும். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குக் கால் பெடலில் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அவருக்கு எந்தப் பெடல் என்று மருத்துவரைக் கேட்டு, ஒருவர் கூட இருக்கச் சமதரையில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எழுபதிலும் பந்தயத்தில் நேரம் பார்த்து ஓடுகிறவர் கிளிப் போட்டுக்கொள்ளட்டும். அது அவர் தெரிந்தே எடுக்கிற துணிவு. என் சண்டை அவரோடு இல்லை. வயதையே காரணம் காட்டி மற்றவர்களை அந்தத் துணிவுக்குத் தள்ளுகிறவர்களோடுதான்.

கடையில் பெடல் வாங்கப் போகிற மூத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நல்ல ஃபிளாட் பெடல் ஒரு ஜோடியும் அதற்கென்றே செய்த ஷூவும் வாங்குங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் வாங்கிவிட்டு ஃபிளாட் சரியில்லை என்று முடிவுகட்டாதீர்கள். கிளிப்பை விடவே முடியாது என்பவர்கள் இன்றைக்கே ஸ்பிரிங் திருகைத் தளர்த்துங்கள். ஷிமானோவில் ஒரு திசையில் மட்டும் கழலும் எஸ்.எச்.51 கிளீட்டை எடுத்துவிட்டுப் பல திசைகளில் கழலும் எஸ்.எச்.56ஐ மாட்டுங்கள், பாறை ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே ஒரு காலை விடுவித்துக்கொள்ளுங்கள். அறிவுரை சொல்கிறவர்கள், அடுத்த முறை ஓர் அறுபது வயதுக்காரரிடம் வாய் திறப்பதற்கு முன் அவருடைய இடுப்பு எவ்வளவு திரும்புகிறது என்று முதலில் கேளுங்கள்.